அனுபவம் கம்மியா இருக்கா? அவுட்சோர்சிங் தொழில ஒரே ஒரு வேலையில இருந்து ஆரம்பிங்க

அவுட்சோர்சிங், அதாவது ஒரு கம்பெனி தன்னோட வேலைய வெளி ஆளுங்ககிட்ட குடுத்து செய்ய வைக்கிறதுன்னு சொன்னதும் பெரிய கட்டடம், ஹெட்செட் மாட்டின ஆளுங்க வரிசையா, ராத்திரி ஷிஃப்ட், இதுதான் நிறைய பேருக்கு மனசுல வருது. 1989ல கோடாக் தன்னோட கம்ப்யூட்டர் சென்டர் வேலைய ஐபிஎம் கிட்ட ஒப்படைச்சப்போ இவ்ளோ பெரிய கம்பெனியே வெளிய குடுக்குதான்னு ஆச்சரியமா பார்த்தாங்க. இன்னைக்கு ரெண்டே பேர் நடத்துற ஆன்லைன் கடை கூட கணக்கு எழுதுற வேலைய வெளிய குடுக்குது, புதுசா வர்றவங்களுக்கு கதவு திறக்குறது அந்த மாதிரி சின்ன இடத்துல தான்.

முதல்ல ஒரே ஒரு வேலைய எடுங்க. டேட்டா என்ட்ரி, கால் சென்டர், வெப் டிசைன், அக்கவுண்ட்ஸ் எல்லாம் பண்ணுவோம்னு போட்டா, எதுலயும் கை தேறலன்னு பார்க்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். அனுபவம் கம்மியா இருக்கும்போது வேலைய தேர்ந்தெடுக்க நான் பார்க்குறது ஒண்ணுதான், தப்பு நடந்தா கண்ணுக்கு தெரியணும், திருத்தவும் முடியணும். ஆன்லைன் கடையோட வெப்சைட்ல ப்ராடக்ட் விவரம் ஏத்துறது, ஆடியோவ டைப் பண்றது, இன்வாய்ஸ்ல இருக்குறத ஷீட்ல ஏத்துறது இதெல்லாம் அப்படிப்பட்டது. சம்பளக் கணக்கு, வரி, மெடிக்கல் பில்லிங் பக்கம் ஆரம்பத்துலயே போகாதீங்க, அங்க ஒரு சின்ன தப்பு இன்னொருத்தரோட சம்பளத்துலயோ வைத்தியத்துலயோ போய் நிக்கும்.

அடுத்தது, ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி அந்த வேலைய நீங்களே உக்காந்து 50 தடவ செய்யுங்க, பக்கத்துல டைமர் வச்சு. நான் இத செய்யாம தான் முதல் ஆர்டர் எடுத்தேன், ஒரு ப்ராடக்ட் ஏத்த 4 நிமிஷம் ஆகும்னு மனக்கணக்கு போட்டு ரேட் குடுத்துட்டேன், உள்ள இறங்கினா போட்டோ மங்கலா இருக்கு, சைஸ் அட்டவணை இல்ல, ஒரே பொருளுக்கு ரெண்டு பெயர் இருக்கு, கடைசியில ஒண்ணுக்கு 11 நிமிஷம் ஆச்சு. சொன்ன ரேட்டுக்கே முடிச்சு குடுத்தோம், மூணு வாரம் தூக்கம் இல்ல. அந்த 50 தடவையில எங்கெல்லாம் தடுக்குதோ அத அப்படியே எழுதி வைங்க, போட்டோ இல்லன்னா என்ன செய்யணும், யார கேக்கணும், எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு. வேலைய எப்படி செய்யணும்னு படிப்படியா எழுதி வைக்கிறத எஸ்ஓபி எஸ்ஓபின்னு பெருசா சொல்றாங்களே, அது இந்த நோட்டு தான், நாளைக்கு வர்ற புது ஆளுக்கு பாடமும் இதுதான்.

ரேட் போடுறது. 8 மணி நேர வேலைன்னா 480 நிமிஷம், 11ஆல வகுத்தா 43 ப்ராடக்ட்னு தோணும். ஆனா இடைவேளை, சந்தேகம் கேக்குறது, திருத்தம் எல்லாம் போக உருப்படியா 6 மணி நேரம் கிடைச்சாலே நல்ல நாள், அப்போ 32 தான் வரும், போட்ட கணக்குல கால்வாசி காணோம். மாசம் 22 நாள் வேலைன்னா 704. சம்பளம், கம்ப்யூட்டர், நெட், சாஃப்ட்வேர், அப்புறம் சரிபார்க்க உங்க நேரம், எல்லாத்தையும் கூட்டி அந்த 704ஆல வகுங்க, அது உங்க அடக்கவிலை. லாபம் அதுக்கு மேல தான். வேலை இன்னும் பிடிபடலன்னா முதல் மாசம் மணிக்கு இவ்ளோன்னு காசு வாங்கிட்டு, அப்புறம் ஒரு ப்ராடக்டுக்கு இவ்ளோங்கிற பீஸ் ரேட்டுக்கு மாறுங்க.

முதல் கிளையண்ட் பெரும்பாலும் தெரிஞ்சவங்க மூலமா தான் வருவாங்க, பழைய முதலாளி, கூட வேலை பார்த்தவங்க, இல்லன்னா அப்வொர்க், ஃபைவர் மாதிரி ஆன்லைன்ல வேலை பிடிக்கிற தளம். அனுபவத்த பத்தி பொய் மட்டும் வேண்டாம். "இந்தத் துறைக்கு நாங்க புதுசு, ஆனா இந்த வேலைய 50 தடவ செஞ்சு பார்த்திருக்கோம், இதோ மாதிரி"ன்னு காட்டுங்க, ஒரு சின்ன ட்ரையல் வேலை கேளுங்க, கம்மியா இருந்தாலும் காசு வாங்கிட்டே செய்யுங்க. இன்னொண்ணு, ப்ராஜெக்ட் தர்றோம், அதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட் கட்டுங்கன்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. வேலை குடுக்குறவங்க தான் காசு தரணும், இத நம்பி சேமிப்ப இழந்தவங்கள பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கேன்.

அக்ரிமெண்ட்ல எது வேலை, எது வேலை இல்ல, எத்தன நாள்ல முடியணும், எத்தன தடவ இலவசமா திருத்துவீங்க, பிரியணும்னா எவ்ளோ முன்னாடி சொல்லணும், இவ்ளோவும் இருக்கணும். 99% சரியா இருக்கும்னு எழுதினா எத எண்ணி 99னு சேர்த்து எழுதுங்க. ஒரு ரெக்கார்டுல, அதாவது ஷீட்ல ஒரு வரியில, 20 கட்டம் இருந்து ஒவ்வொரு கட்டமும் 99% சரின்னா கூட, முழுசா தப்பில்லாத ரெக்கார்டு 100க்கு 82 பக்கம் தான் வரும். நீங்க கட்டத்த எண்ணி, அவங்க ரெக்கார்ட எண்ணினா அங்கதான் சண்டை. ஐரோப்பிய யூனியன்ல இருக்குறவங்களோட சொந்த தகவல தொடுற வேலைன்னா 2018ல அமலுக்கு வந்த ஜிடிபிஆர்ங்கிற தகவல் பாதுகாப்பு சட்டம் உங்களையும் பிடிக்கும், அதுக்கு எழுத்து மூலமா தனி ஒப்பந்தம் வேணும். பாஸ்வேர்ட சாட்ல அனுப்பாதீங்க, ஆளுக்கு ஒரு லாகின் குடுங்க, ஒருத்தர் வேலைய விட்டா அன்னைக்கே லாகின மூடுங்க.

நிறைய பேர் விழுறது காசு வர்ற நாள்ல தான். இந்த மாசம் வேலை செஞ்சு மாச கடைசியில பில் அனுப்புறீங்க, 30 நாள் டைம்னா காசு கைக்கு வர்றது 60வது நாள், அதுக்குள்ள ரெண்டு சம்பளம் குடுத்தாகணும். அதனால மூணு மாச சம்பளம் கையில இல்லாம ஆள் எடுக்காதீங்க, முடிஞ்சா வாரா வாரம் பில் போடுங்க, இல்ல பாதி அட்வான்ஸ் கேளுங்க, புது ஆளுன்னு தயங்காதீங்க, கேட்டா தர்றவங்க இருக்காங்க.

ஆள் எடுக்கும்போது அதே 50ல பத்த குடுத்து செய்ய சொல்லுங்க, வேகத்த விட, புரியாத இடத்துல நிறுத்தி கேக்குறாங்களான்னு பாருங்க. முதல் ரெண்டு மாசம் எல்லாத்தையும் நீங்களே சரிபாருங்க, லேட் ஆகும்னு தெரிஞ்சா அன்னைக்கே கிளையண்ட்கிட்ட சொல்லுங்க.

வேலை பிடிச்சுப் போனா அதே கிளையண்ட் "இதையும் பண்ணுவீங்களா"ன்னு வேற ஒரு வேலைய நீட்டுவாரு, சந்தோஷத்துல உடனே சரின்னு சொல்ல தோணும். 50 சாம்பிள் அனுப்புங்க, பார்த்துட்டு ரேட் சொல்றேன்னு சொல்லிட்டு, டைமர மறுபடி எடுத்து வைங்க.