பைத்தானில் கோப்புறைகளை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதலில் ஒப்படைக்கப்படும் பணிகளுள் ஒன்று, பழைய கோப்புகளைத் துப்புரவு செய்யும் சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட். சில வரிகளில் முடிந்துவிடும் என்பதால் எவரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. சரிபார்ப்பவரும் மேலோட்டமாகப் பார்த்து அனுமதித்துவிடுகிறார். அத்தகைய ஸ்கிரிப்ட்களைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளே மாறாமல் திரும்பி வருவது தெரிகிறது. கோப்பின் பெயரைத் தவறாகத் தட்டச்சிடுவது, உள்ளே கோப்புகள் இருக்கும் கோப்புறையை, வெற்றுக் கோப்புறையை மட்டுமே நீக்கும் 'ஓஎஸ்.ஆர்எம்டிர்' கொண்டு நீக்க முயல்வது போன்றவற்றைப் பைத்தானே பிழைச்செய்தி தந்து நிறுத்திவிடும். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, எந்த எதிர்ப்பும் இன்றி நடந்து முடிந்துவிடும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குப்பைத்தொட்டி கிடையாது

ஒரு கோப்பை நீக்கும் 'ஓஎஸ்.ரிமூவ்', கோப்புறையை உள்ளடக்கம் முழுவதோடும் நீக்கும் 'ஷூட்டில்.ஆர்எம்ட்ரீ' ஆகிய இரண்டும் நேரடியாக அழிக்கின்றன. ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

வெற்று மாறியோடு 'ஆர்எம்ட்ரீ'யை அழைப்பது

மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு தவறுதான் இன்றளவும் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. ஒரு மேல் கோப்புறை இருக்கும். அதற்குள் வாடிக்கையாளருக்கு ஒன்றாகக் கோப்புறைகள் இருக்கும். ஸ்கிரிப்ட் மேல் பாதையோடு வாடிக்கையாளர் குறியீட்டைச் சேர்த்து, கிடைக்கும் பாதையை 'ஆர்எம்ட்ரீ'யிடம் கொடுக்கும். குறியீடு ஏதோ ஒரு காரணத்தால் வெற்றுச் சரமாக, அதாவது எழுத்து எதுவும் இல்லாத உரையாக வந்தால், சேர்த்த பிறகு எஞ்சுவது மேல் கோப்புறையின் பாதை மட்டுமே. 'ஆர்எம்ட்ரீ' தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகச் செய்துவிடுகிறது.

கணக்கு எழுதும் ஒரு நிறுவனத்தில் இது நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அமைப்புக் கோப்பில் ஒரு விசையின் பெயரை யாரோ மாற்றியிருந்தார்கள். ஸ்கிரிப்ட் அந்த விசையைத் தேடி, கிடைக்காதபோது வெற்றுச் சரத்தை எடுத்துக்கொள்ளுமாறு எழுதப்பட்டிருந்தது. இரவில் ஓடிய ஸ்கிரிப்ட், எல்லா வாடிக்கையாளர்களின் ஸ்கேன் செய்த பற்றுச்சீட்டுகளையும் அழித்தது. காப்புப்பிரதி என்று அவர்கள் நம்பியிருந்தது இரு இடங்களையும் ஒத்திசைக்கும் ஏற்பாடாக இருந்ததால், நீக்கமும் அப்படியே அங்கே பிரதியெடுக்கப்பட்டது. காலையில் பதிவேட்டைத் திறந்தால், பணி வெற்றிகரமாக முடிந்தது என்ற வரியே இருந்தது.

இது பைத்தானுக்கு மட்டும் உரியதன்று. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டுத் தள மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்டில் இதே குறை வெளிப்பட்டது. தான் இருக்கும் இடத்தைக் கண்டறிய முடியாதபோது அதன் பாதை மாறி வெறுமையாகிவிட, நீக்கும் கட்டளை வேர்க் கோப்புறையிலிருந்தே தொடங்கி, பயனர் ஒருவரின் கோப்புகளையும் அவர் இணைத்திருந்த வெளி வட்டில் இருந்தவற்றையும் அழித்தது. அந்த வரியின் மேலே, இது அச்சமூட்டுவது என்று எழுதியவரே குறிப்பு வைத்திருந்தார். அச்சத்தை உணர்ந்தவர் ஒரு நிபந்தனையையும் சேர்த்திருக்க வேண்டும்.

பைத்தானில் இதற்கு வேறு வடிவங்களும் உண்டு. 'ஆர்எம்ட்ரீ'யிடம் வெற்றுச் சரத்தை நேரே கொடுத்தால் பிழை எழும். ஆனால் அதே வெற்றுச் சரத்தை, பாதைகளைக் கையாளும் 'பாத்லிப்' தொகுதி வழியாகப் பாதையாக மாற்றிக் கொடுத்தால், அது நடப்புக் கோப்புறையைக் குறிக்கத் தொடங்கிவிடும். குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு நடப்புக் கோப்புறை பெரும்பாலும் பயனரின் முகப்புக் கோப்புறையே. இறுதியில் பிழைச்செய்தி வரலாம், ஆனால் அதற்குள் உள்ளடக்கம் போயிருக்கும். அதுபோலவே 'ஓஎஸ்.பாத்.ஜாயின்' சேர்க்கும் இரண்டாம் பகுதி சாய்கோட்டில் தொடங்கினால், முதல் பகுதி முற்றிலும் கைவிடப்படும்.

இதைச் சொன்னவுடன் பலரும், ஒரு பாதை மற்றொன்றுக்கு உட்பட்டதா என்று பார்க்கும் 'ஈஸ்_ரிலேடிவ்_டு' என்ற சோதனையைச் சேர்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். ஒரு பாதை, தனக்குத் தானே உட்பட்டது என்றும் அந்தச் சோதனை ஒப்புக்கொள்ளும்; எனவே வெற்று மாறி அதையும் தாண்டிச் செல்லும். இரண்டு பாதைகளையும் 'ரிசால்வ்' செய்து முழுப்பாதையாக்கி, நீக்கப்போகும் கோப்புறையின் நேர் மேல் கோப்புறை நாம் எதிர்பார்க்கும் கோப்புறைதானா என்று ஒப்பிடுவதே உறுதியானது. அதற்கும் முன்பாக, சூழல் மாறிகளையும் அமைப்புகளையும் 'கெட்' கொண்டு வெற்று இயல்பு மதிப்போடு எடுக்காமல், சதுர அடைப்புக்குறியில் எடுங்கள். விசை இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். மதிப்பு மிக்க தரவாக இருந்தால் உடனே அழிக்காமல், அதே வட்டில் வேறொரு பெயருக்கு மாற்றி வைத்து, சில நாட்கள் கழித்து அழிக்கும் முறையையே நான் வலியுறுத்துவேன்.

பிழைகளை மறைப்பது

'ஆர்எம்ட்ரீ'யின் 'இக்னோர்_எரர்ஸ்' என்ற அளவுருவை 'ட்ரூ' என வைத்தால் ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடும் என்று கற்பிக்கப்படுகிறது. அனுமதி மறுக்கப்பட்டதும் பாதை தவறானதும் பாதியில் நின்றதும் எல்லாம் அதற்கு வெற்றியே. முன்னே சொன்ன நிறுவனத்தின் பதிவேடு, தவறான பாதையில் ஓடியதையும் வெற்றி என்று எழுதியதற்கு ஒப்பானது இது. எந்தப் பிழையை ஏற்கலாம் என்று முடிவு செய்து, அதை மட்டும் பிடியுங்கள். பைத்தான் 3.12 முதல் 'ஆன்எக்ஸ்சி' என்ற அளவுரு, பிழை எழும் ஒவ்வொரு இடத்திலும் நம் ஃபங்ஷனை அழைக்கிறது. பழைய 'ஆன்எரர்' கைவிடப்படும் நிலையில் உள்ளது.

இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நீக்குவது

கேட்பதற்கும் நீக்குவதற்கும் இடையில் வேறொரு நிரல் அதை நீக்கியிருக்கலாம். 3.8 முதல் 'பாத்லிப்' தரும் 'அன்லிங்க்' ஃபங்ஷனுக்கு, கோப்பு இல்லாவிட்டாலும் பிழை எழாமல் செய்யும் 'மிஸ்ஸிங்_ஓகே' இருக்கிறது.

நட்சத்திரக் குறியை நம்புவது

பெயர் வடிவத்தைக் கொண்டு கோப்புகளைத் தேடும் 'குளோப்' தொகுதியின் நட்சத்திரம், புள்ளியில் தொடங்கும் கோப்புகளை இயல்பாக விட்டுவிடும். 'பாத்லிப்' தரும் 'குளோப்' அவற்றையும் சேர்த்தே எடுக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள்.

திறந்திருக்கும் கோப்பு

விண்டோஸில் நீக்கம் பெரும்பாலும் மறுக்கப்படும். லினக்ஸில் பெயர் மறைந்துவிடும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை மூடும்வரை வட்டில் இடம் விடுபடாது. பதிவுக் கோப்புகளை நீக்கிய பிறகும் வட்டு நிறைந்தே இருப்பதாக வரும் முறையீடுகளில், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தற்காலிகக் கோப்புறையைத் தானே உருவாக்கித் தானே நீக்குவது

'டெம்ப்ஃபைல்.டெம்பரரிடைரக்டரி'யை 'வித்' கூற்றோடு பயன்படுத்துங்கள். அந்தப் பகுதி முடிந்ததும் கோப்புறை தானாக நீங்கிவிடும்; நீக்கும் வரியையே எழுத வேண்டியதில்லை.