கோடு நேராக விழுந்தால் மட்டும் போதாது: பயோஇங்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் பயோபிரிண்டிங்கை (உயிருள்ள செல்களை ஊசி வழியாக அடுக்கடுக்காக அச்சிடும் முறை) புராஜெக்ட்டாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உயிருள்ள செல்களையும் அவற்றைத் தாங்கும் ஜெல்லையும் கலந்ததுதான் பயோஇங்க். அதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. பிரிண்ட் எவ்வளவு அழகாக நிற்கிறது என்று பார்க்கிறோம், உள்ளே இருக்கும் செல் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதில்லை.

முதலில் வெப்பநிலை. ஆய்வுக் கட்டுரையில் 'அறை வெப்பநிலையில் பிரிண்ட் செய்தோம்' என்று இருந்தால் அது 20 முதல் 25 டிகிரி. மே மாதத்து டெல்டாவில் ஏசி நின்ற அறை அதைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதிகம் பயன்படும் ஜெல்மா என்ற மாற்றம் செய்த ஜெலட்டின், குளிர்ந்தால் இறுகும், 37 டிகிரியில் தண்ணீராக ஓடும். சூட்டில் ஊசி முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து பரவுவதைப் பார்த்ததும் பலர் அடர்த்தியை 7 சதவீதத்திலிருந்து 15-க்கு ஏற்றுகிறார்கள். பிரிண்ட் நிற்கும், ஆனால் அழுத்தத்தைக் கூட்டித்தான் தள்ள வேண்டும், அதில் செல் அடிபடும். ஜெல்லின் வலைப்பின்னலும் நெருங்கிவிடுவதால் செல் பரவ இடம் இருக்காது. அடர்த்தியைத் தொடாதீர்கள். கார்ட்ரிட்ஜையும் (பயோஇங்க் நிரப்பிய குழல்) பிரிண்ட் தட்டையும் குளிர்வியுங்கள். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கோடு கட்டி கட்டியாக அறுந்து வரும். அப்போதும் அழுத்தத்தை ஏற்றாமல் ஒன்றிரண்டு டிகிரி சூடேற்றிக் காத்திருங்கள். கரண்ட் போனால் குளிரூட்டிக்கு மாற்று உண்டா என்று உறுதி செய்யாமல் செல்லை இன்குபேட்டரிலிருந்து எடுக்கவே கூடாது.

நாகப்பட்டினம் துறைமுகத்துக் கழிவு மீன் தோலிலிருந்தும் இறால் ஓட்டிலிருந்தும் பயோஇங்க் செய்யலாம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மீன் ஜெலட்டினைப் பன்றி ஜெலட்டின் மாதிரியே நடத்தக்கூடாது. அதில் புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு, அதனால் இன்னும் குறைந்த வெப்பநிலையில்தான் இறுகும். குளிர்கடல் மீன் என்றால் 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டிவரும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருள் அமிலத்தில்தான் கரையும். அமிலத்தை நடுநிலைப்படுத்தாமல் செல்லைச் சேர்த்தால் செத்துவிடும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் ஜெல்லில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, கால்சியம் குளோரைடு விட்டு இறுக்கிய பிரிண்ட்டை பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) விட்டுக் கழுவுவது. அதிலுள்ள பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சில நாளில் பிரிண்ட் கொழகொழத்துப் போகும். கொஞ்சம் கால்சியம் சேர்த்த, பாஸ்பேட் இல்லாத உப்புக் கரைசலில் கழுவுங்கள். ஆல்ஜினேட் கரைசலை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்தால் அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து பிசுபிசுப்பு குறையும். நேற்று ஓடிய அளவுகள் இன்று ஏன் ஓடவில்லை என்று தவிப்பது பல நேரம் இதனால்தான். இன்னொன்று, செல் பிடித்துக்கொள்ள ஆல்ஜினேட்டில் கொக்கி எதுவும் இல்லை. ஜெலட்டினோ கொலாஜனோ சேர்க்காவிட்டால் பல செல்கள் உருண்டையாகவே கிடக்கும்.

கனமான துண்டு அச்சிட்டுக் காட்டும் ஆசையை அடக்க வேண்டும். ரத்தக் குழாய் இல்லாத ஜெல்லில் ஆக்சிஜன் சுமார் 100 முதல் 200 மைக்ரான் வரைதான் போதிய அளவில் போய்ச் சேரும். அதற்கு அப்பால் உள்ள செல், தண்ணீர் எட்டாத கடைமடை வயல்தான். இடையிடையே வாய்க்கால் போல இடைவெளி விட்டு வலையாக அச்சிடுங்கள்.

ஜெல்மா போன்ற ஜெல்லை ஒளியால் இறுக்குபவர்கள் விளக்கின் அலைநீளத்தையும், ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டி என்ற வேதிப்பொருளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். இர்காக்யூர் 2959-க்கு 365 நானோமீட்டர் விளக்கு. 405-இல் எல்ஏபி என்ற ஒளித்தூண்டி நன்றாக வேலை செய்யும். ஊசி விஷயத்தில், கூம்பு வடிவ முனை குறைந்த அழுத்தத்திலேயே ஓடும் என்பதால் செல்லுக்கு நல்லது.

கடைசியாகச் சோதனை. பிரிண்ட் முடிந்த ஒரு மணி நேரத்தில் சாயமிட்டு, பச்சையாக ஒளிரும் உயிருள்ள செல்லை எண்ணி '90 சதவீதம் உயிர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஊசியில் அடிபட்ட செல்லெல்லாம் உடனே சாகாது. 1, 3, 7 ஆகிய நாட்களில் பாருங்கள். அதே பயோஇங்க்கை பிரிண்ட் செய்யாமல் வார்ப்பு அச்சில் ஊற்றி இறுக்கிய மாதிரி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலும் செல் செத்திருந்தால் பழி ஊசியின் மேல் இல்லை, ஜெல்லின் மேலோ இறுக்கிய முறையின் மேலோதான்.