உலை மூட்டும் முன் ஈரத்தை விரட்டுங்கள்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில், இரும்பைக் காய்ச்சி அடிக்க நான் முதலில் கட்டிய உலை சிமென்டுக் கலவையால் ஆனது. ஒரு வாரம் வெயிலில் காய்ந்துவிட்டது என்று நம்பிச் சிரட்டைக்கரியைக் கொட்டிக் காற்றை ஊதினேன். கால் மணி நேரத்தில் வெடிச்சத்தம். உள்ளங்கை அளவுச் சில்லு ஒன்று காதோரமாகப் பறந்து தென்னையின் அடிமரத்தில் அடித்தது. அந்தத் தழும்பு இன்றும் மரத்தில் இருக்கிறது.

காரணம் ஈரம்தான். சிமென்டு மேலே காய்ந்தாலும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் கலவையைப் பிளந்துகொண்டு வரும். சித்தூர்ப் புழை ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்களை உலையில் அடுக்கினாலும் இதே கதிதான். சூளைச் செங்கல் போதும். அதன்மேல் புற்றுமண், மணல், உமிச்சாம்பல் மூன்றையும் பிசைந்து பூசுங்கள். பூச்சை நிழலில் பத்து நாள் ஆற விடுங்கள். பிறகு மூன்று நாள் சுள்ளித் தீ மட்டும். விரிசல் தெரிந்தால் அதே மண்ணால் அடைத்து மறுபடியும் காய வையுங்கள். அவசரப்படுகிறவர்கள் இந்த மூன்று நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மாசி, பங்குனியில் கட்டுங்கள்.

அடுத்தது காற்று. பலமாக ஊதினால் சூடு கூடும் என்று பெரிய ஊதியைப் பொருத்துகிறார்கள். கரிக்குத் தேவையானதற்கு மேல் வரும் காற்று இரும்பைத்தான் தின்னும். மேலெல்லாம் செதில் செதிலாகக் கருகி உதிரும். இரும்பை வெளியே எடுக்கும்போது மத்தாப்பூபோல் பொறி சிதறினால் அது எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான், மீட்க முடியாது. சிறிய உலைக்கு முடி உலர்த்தும் கருவியின் காற்றே தாராளம். காற்றைக் குறைக்க ஒரு தகட்டு மூடியும் வையுங்கள். இரும்பைக் காற்று வரும் குழாயின் வாயருகே செருகாமல், அதற்கு நான்கு விரற்கடை மேலே, கனலின் நடுவில் படுக்க வையுங்கள்.

அந்தக் குழாய் வெறும் இரும்பாக இருக்கட்டும். தண்ணீர் இணைப்புக்கு வாங்கி மீந்த ஜி.ஐ. குழாயைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும். உலையின் சூடோ ஆயிரத்தைத் தாண்டும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றையும் மறக்கக்கூடாது. ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று ஒரு பொறியைக் காய்ந்த ஓலைக்குவியலுக்குக் கொண்டுபோக நொடி போதும். மேற்கே இடுப்புயரச் சுவர் எழுப்புங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தண்ணீரும் இருக்கட்டும். காற்றுக்குப் பயந்து உலையை அறைக்குள் கொண்டுபோவது அதைவிடப் பெரிய தவறு. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நான்கு பக்கமும் திறந்த, தகரம் வேய்ந்த கொட்டகைதான் சரி. கொட்டகை நிழல் இன்னொன்றுக்கும் உதவும்: வெயிலில் இரும்பின் செந்நிறம் மங்கித் தெரியும், சூடேறவில்லை என்று நினைத்து மேலும் ஊதிக் கெடுத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது.

லாரியின் வில் பட்டையில் கத்தி அடிக்கிறவர்கள், கத்தி கடினமாக அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் பெரும்பாலும் விரிசல் விழும். எண்ணெய் நல்லது, ஆனால் எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெய் ஆகாது, அதன் புகை நஞ்சு. கடலை எண்ணெயை லேசாகச் சூடாக்கி, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் உலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பூச்சு வெடிக்கும், பாடுபட்டு விரட்டிய ஈரமும் திரும்பி வரும். கனலைக் குறடால் பரப்பி அணைய விட்டு, முழுக்க ஆறிய பிறகு தகரத்தால் மூடிவிடுங்கள்.