பணயக்கைதி ஆவணப்படம்: கத்தரி போடக் கூடாத இடங்கள்

போன மாதம் ஒரு இளைஞர் தன் ஆவணப்படத்தின் 'ரஃப் கட்'டை, அதாவது முதல் கட்ட எடிட்டைக் காட்டினார். பணயக்கைதிச் சம்பவமும் போலீஸ் பேச்சுவார்த்தையும்தான் கதை. பத்தாவது நிமிடத்திலேயே என் முதல் படம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதே தப்பு, கிட்டத்தட்ட அதே இடத்தில். ஒலி இரைச்சல், பெயர்ப் பிழை போன்றவற்றை விடுங்கள், அதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத தப்புகள் கீழே.

நேரத்தை வெட்டுவது

பேச்சுவார்த்தை நடத்துகிறவர் கையில் இருக்கும் பெரிய சரக்கே நேரம்தான். நேரம் போகப் போக ஆத்திரம் அடங்கும், பசிக்கும், தூக்கம் கண்ணைச் சுழற்றும். 1973 ஜனவரியில் நியூயார்க்கின் புரூக்ளினில், விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் நான்கு பேர் துப்பாக்கியோடு புகுந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வெளியே நின்ற படை கொதித்துக்கொண்டிருந்தது. மனோதத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்ற போலீஸ்காரர், 'பொறுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முற்றுகை 47 மணி நேரம் நீண்டது. கடைக்காரர் மற்ற பணயக்கைதிகளைக் கூரை வழியாக வெளியேற்றினார். போலீஸ் முதல் நாளே உள்ளே பாய்ந்திருந்தால் அதற்கு வாய்ப்பு ஏது?

இது தெரிந்தும் நான் என்ன செய்தேன்? என் முதல் படத்தில், ஒரு பேச்சுவார்த்தையின் ஆறு மணி நேரத் தொலைபேசி ஒலிப்பதிவை நான்கு நிமிடமாக்கி, அடியில் தடதடவென்று தாளம் போட்டேன். பதிவில் ஓர் இடத்தில், பேச்சுவார்த்தை நடத்தும் அதிகாரி ஒரு கேள்வி கேட்கிறார். பதில் இல்லை. லைட்டர் இரண்டு முறை சொடுக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், மூச்சு. ஐம்பது விநாடி கழித்து, "அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?" என்கிறான் பணயம் பிடித்தவன். அந்த ஐம்பது விநாடியை நான் ஒரே விநாடியாக்கியிருந்தேன்.

ஓய்வு பெற்றுவிட்ட அந்த அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "கேட்ட மாத்திரத்தில் ஆளைக் கவிழ்க்கிற மந்திரம் எதுவும் என்னிடம் இல்லை, தம்பி" என்றார். ஒலிப்பதிவுக்குக் கொடுத்த அனுமதியையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தி மறுபடி எடிட் செய்ய மூன்று மாதம் போனது. இன்றைக்கும் யாராவது "இந்த மௌனம் போரடிக்குது சார்" என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

ஒரு மௌனத்தையாவது முழுசாக விடுங்கள். பேசுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் ஹெட்ஃபோன் மாட்டி, துண்டுச் சீட்டில் எழுதித் தள்ளிக்கொண்டிருப்பாரே, அவரையும் காட்டுங்கள்.

ஸ்டாக்ஹோம் முத்திரை

பணயக்கைதிகள் தங்களைப் பிடித்துவைத்தவர்கள் பக்கமே சாய்வதை 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்பார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கியில் ஆறு நாள் அடைபட்ட நான்கு ஊழியர்களை வைத்துப் பிறந்த பெயர் அது. அவர்களில் ஒரு பெண், சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடமே தொலைபேசியில் பேசி, போலீஸ் தாக்கினால் செத்துவிடுவோம் என்று பயந்தார். அதை நோய் என்று சொல்லும் முன், போலீஸ் வெளியே என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் காட்டுங்கள்.

கேமராவை ஒதுக்கி வைப்பது

2010-இல் பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஒரு பேருந்தைப் பயணிகளோடு கடத்திய, பதவி நீக்கப்பட்ட போலீஸ்காரர் ஒருவர் உள்ளேயிருந்த டிவியில் அந்தச் சம்பவத்தின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சகோதரரைப் போலீஸ் இழுத்துப்போவதும் அதில் வந்தது. ஹாங்காங் பயணிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். நீங்கள் ஆர்க்கைவிலிருந்து எடுப்பது அதே காட்சிகளைத்தான். அவை அன்று என்ன செய்தன என்பதைப் படத்தில் சொல்லுங்கள்.

நடிகர்களை வைத்து மறுபடி எடுப்பது

அசல் குரல் கையில் இருக்கும்போது எதற்கு?

துப்பாக்கியில் தொடங்குவது

வேண்டாம்.