சான்ட்ரோவின் ஆக்சில் ஜாயிண்ட்டை வாசலிலேயே மாற்றினேன்

எங்கள் கொரட்டூர் தெரு முட்டுச்சந்து. வண்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத்தான் ஆகவேண்டும். போன மாசி மாதம் அப்படி ஒடிக்கும்போதெல்லாம் வலது முன்சக்கரத்திலிருந்து 'டக் டக் டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. நேராக ஓட்டினால் ஒன்றுமில்லை. "உங்க முட்டி மாதிரியே வண்டிக்கும் சொடக்குது" என்றாள் வீட்டுக்காரி. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, வண்டி 2008 மாடல் சான்ட்ரோ கார். அவள் சொன்னது தப்பில்லை.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுதான் ஆக்சில். அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கம் இருப்பது கிண்ணம் மாதிரி. உள்ளே ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றி ஒரு கூண்டு, கூண்டில் ஆறு எஃகு குண்டு. சக்கரம் திரும்பினாலும் மேலே கீழே போனாலும் சுற்றுவது தடைபடாமல் இருப்பது இந்தக் குண்டுகளால்தான். இவை கிரீஸில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். கிரீஸைக் காப்பது மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட். ஜாயிண்ட் தானாகச் சாவது அபூர்வம். பூட் கிழியும், கிரீஸ் தெறிக்கும், அந்த இடத்தில் மண்ணும் தண்ணீரும் போய் உட்காரும். அப்புறம் சில மாதத்தில் குண்டு ஓடும் பள்ளம் அரித்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு நான் குனிந்து பூட்டைப் பார்க்கவே இல்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கான கூலிதான் இது.

முதலில் எந்த ஜாயிண்ட் என்று தெரிய வேண்டும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாக வட்டமடியுங்கள், இரண்டு பக்கமும். வெளியே ஒருவர் நின்று கேட்கட்டும். உள்ளே உட்கார்ந்து கேட்டால் பக்கம் குழம்பும். ஒடிக்கும்போது மட்டும் டக் டக் என்றால் சக்கரத்துப் பக்க ஜாயிண்ட். நேராகப் போகும்போது ஆக்சிலேட்டர் மிதித்தால் வண்டி உதறுகிறது, கால் எடுத்தால் நிற்கிறது என்றால் கியர் பாக்ஸ் பக்க ஜாயிண்ட்டைச் சந்தேகப்படலாம். வீல் உட்புறத்தில் கறுப்பாக கிரீஸ் சிதறியிருந்தால் பூட் கிழிந்தது உறுதி. பூட் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் அதிர்ஷ்டம்தான்: சுத்தம் செய்து, புது கிரீஸும் புது பூட்டும் போட்டால் போதும்.

சாமான் வாங்க அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். புதுப்பேட்டையில் பழைய ஆக்சிலே முழுசாகக் கிடைக்கும், ஆனால் பழைய ஜாயிண்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு பழைய ஜாயிண்ட்டைப் போட எனக்கு மனசு வரவில்லை. வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெர்னியர் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இருந்தும் முதல் தடவை மாடல் பெயரை நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து எண்ணினால் பல் எண்ணிக்கை வேறு. மறுபடி ஒரு பஸ் பயணம். ஜாயிண்ட்டுக்கு உள்ளே தண்டு நுழையும் இடத்துப் பற்கள், வெளியே ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடு பாகம்) நுழையும் இடத்துப் பற்கள், இரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு ஆரம்பித்தால் எண்ணிக்கை தவறாது. ஏ.பி.எஸ். இருக்கும் வண்டி என்றால் ஜாயிண்ட்டின் மேல் அதன் சென்சாருக்கான பல் வளையமும் இருக்கிறதா பாருங்கள். கிட்டில் பூட், இரண்டு கிளாம்ப், லாக் வளையம், பாக்கெட் கிரீஸ், புது ஆக்சில் நட்டு எல்லாம் வர வேண்டும். கிரீஸ் கறுப்பாக, மாலிப்டினம் கலந்ததாக இருக்கும். வீட்டில் இருக்கும் மஞ்சள் கிரீஸை அதற்குப் பதிலாக அப்பாதீர்கள்.

சித்திரை வெயிலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். கை பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாயிற்று. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு வண்டி ஸ்டாண்டு மேல்தான் உட்கார வேண்டும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிறவர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போகலாம்.

வேலையிலேயே கடினமானது ஆக்சில் நட்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே அதை இளக்க வேண்டும்; தூக்கிவிட்டால் சக்கரம் சுற்றுமே தவிர நட்டு அசையாது. நடு மூடியைக் கழற்றி, நட்டு கழலாமல் பிடித்திருக்கும் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவுங்கள். சில வண்டிகளில் பின் இருக்காது, நட்டின் உதட்டைத் தட்டி மடக்கியிருப்பார்கள். அதை உளியால் நிமிர்த்த வேண்டும். துரு விடும் எண்ணெயை முதல் நாள் ராத்திரியே அடித்து வையுங்கள். வண்டி முதல் கியரில் இருக்கட்டும், மச்சான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கட்டும். பாக்ஸ் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்பு பைப்பைச் செருகினேன். என் எடை 70 கிலோ. அரை மீட்டர் நீளத்தில் நான் ஏறி நின்றால் 340 நியூட்டன் மீட்டர் சொச்சம் முறுக்கு, நட்டு அசையவில்லை. ஒரு மீட்டர் பைப்புக்கு மாறினேன், அதே எடை இரண்டு மடங்கு வேலை செய்தது. 'கடக்' என்று ஒரு சத்தம், பைப் கீழே இறங்கியது. எதிர்வீட்டு தாத்தா பேப்பரை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

அப்புறம் வீல் நட்டுகளையும் இளக்கி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆக்சிலை உருவினால் கியர் ஆயில் கொட்டும், அதனால் முதலில் அதை வடிக்க வேண்டும். வடிக்கும் முன் ஆயில் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது திறக்கவில்லை என்றால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

பிரேக் ஹோஸ் பிடித்திருக்கும் கிளிப்பை ஷாக் அப்சார்பரிலிருந்து விடுவியுங்கள். ஷாக் அப்சார்பரையும் நக்கிளையும் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட்டைச் சுற்றி பெயிண்ட்டில் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால், மாட்டும்போது பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட கொண்டுவர முடியும். இப்போது நக்கிள் வெளிப்பக்கம் சாயும். ஆக்சில் நுனியை உள்ளே தள்ள வேண்டும், அது துருவில் ஒட்டிக்கொண்டு வராது. பல வருஷத்துக்கு முன் நண்பன் வண்டியில் இதே வேலை செய்தபோது நேராக சுத்தியல் போட்டு மறை முனையைக் காளான் மாதிரி விரித்துவிட்டேன். நட்டும் ஏறவில்லை, ஜாயிண்ட்டும் வெளியே வரவில்லை. பழைய நட்டை முனையோடு சமமாக வரும்வரை திருப்பிப் போட்டு, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள்.

கியர் பாக்ஸ் பக்கத்தைத் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். உள் ஜாயிண்ட் உள்ளுக்குள்ளேயே கழன்றுகொள்ளும். ஜாயிண்ட்டின் உடம்புக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே நெம்பியை வைத்து ஒரே வெட்டாக நெம்பினால் லாக் விட்டு வெளியே வரும். ஆயில் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டில் தண்டின் பல் உரசக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்க ஆக்சிலை மட்டும் எடுங்கள். ஆக்சில் இல்லாமல் அந்தச் சக்கரத்தின் மேல் வண்டியை இறக்கி உருட்டவும் கூடாது, ஹப் பேரிங் கெட்டுவிடும்.

தண்டை வைஸில் மரக்கட்டைக்கு நடுவே பிடித்து, பூட்டை வெட்டி எறிந்தேன். உள்ளே கிரீஸ் என்று எதுவும் இல்லை. துருவும் மண்ணும் குழைந்து காபிப் பொடிச் சக்கை மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிய பிறகுதான் சத்தத்தின் முகம் தெரிந்தது. கிண்ணத்தின் பள்ளங்களில், குண்டு வழக்கமாக உட்காரும் இடத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி. ஒடிக்கும்போது ஒவ்வொரு குண்டும் அந்தக் குழி விளிம்பில் ஏறி இறங்கியதுதான் அந்த டக் டக். இந்தக் குழி விழுந்த பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பிரயோஜனமில்லை.

பல வண்டிகளில் ஜாயிண்ட், தண்டு நுனியில் இருக்கும் ஒரு லாக் வளையத்தில்தான் நிற்கிறது. பித்தளைத் தண்டை நட்சத்திரத்தின் மேல் வைத்து ஓங்கி ஒரு அடி, இரண்டு அடி, கழன்று விழும். கூண்டின் மேல் அடிக்காதீர்கள். சில வண்டிகளில் ஜாயிண்ட்டும் தண்டும் ஒன்றாகவே வரும், அவற்றில் ஆக்சிலைத்தான் மாற்ற வேண்டும். கடையில் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு அப்புறம் சுத்தியலை எடுங்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம்: சின்ன கிளாம்ப், பூட், பிறகுதான் ஜாயிண்ட். ஜாயிண்ட்டை அடித்து ஏற்றிவிட்டு, கீழே பார்த்தால் கிளாம்ப் தரையில் கிடந்தது. நான் அசடு வழிந்ததை மச்சான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். புது லாக் வளையத்தை நடுவில் நிறுத்தி, மர சுத்தியலால் தட்டி ஏற்றி, பிறகு இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. பாக்கெட் கிரீஸ் முழுவதையும் குண்டுகளுக்கு நடுவே விரலால் அழுத்தி, மீதியைப் பூட்டுக்குள் போடுங்கள். பூட்டின் சின்ன வாயில் மொட்டையான ஒரு குச்சியை நுழைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு கிளாம்ப் போட வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு உப்பியோ சுருங்கியோ நின்று, சீக்கிரமே மறுபடி வெடிக்கும்.

உள் நுனிக்கும் புது லாக் வளையம். சீல் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆக்சிலைத் தள்ளும்போது ஒரு 'டக்' கேட்கும். வரவேண்டிய டக் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கழற்றியதற்குத் தலைகீழ். ஆக்சில் நட்டை வண்டி தரைக்கு வந்த பிறகு டார்க் ரெஞ்சால் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். என் வண்டியில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல். உங்கள் வண்டிக்கு மேனுவலில் பாருங்கள். ஸ்பிளிட் பின் ஓட்டை நேர் வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். கியர் ஆயிலை மேனுவல் சொன்ன கிரேடில், வண்டி சமமாக நிற்கும்போது, ஆயில் ஊற்றும் ஓட்டையின் விளிம்புவரை ஊற்றுங்கள். வாரத்துக்குள் ஒரு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது.

மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. முட்டுச்சந்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தேன், சத்தமில்லை. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்ப் ஓரத்தில் கிரீஸ் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. அப்படியே இடது பக்கத்துக்கும் டார்ச் அடித்தேன். மூன்றாவது மடிப்பில் மயிரிழை வெடிப்பு, கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. சில நூறு ரூபாய் பூட் கிட்டோடு முடிந்துவிடும். வாங்கி வைத்தாயிற்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம்.