பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

பெங்களூரில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்களா? சரி, கமிட்டியை அப்புறம் போடலாம். முதலில் ஒரு நோட்டோடு லேப், ஒர்க்‌ஷாப், ஹாஸ்டல் சமையலறை, ஜெனரேட்டர் அறை என்று நடந்தே பாருங்கள், கூடவே அங்கே தினமும் வேலை செய்கிற ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த ஸ்விட்சில் ஷாக் அடிக்கும் என்பது பேராசிரியரைவிடக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கெமிஸ்ட்ரி லேபில் கழிவு கேன்தான் பெரிய தலைவலி. நைட்ரிக் ஆசிட் கழிவையும் அசிட்டோன், ஆல்கஹால் மாதிரி கரைப்பான்களையும் ஒரே கேனில் ஊற்றி இறுக்கி மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். தனித்தனி கேன், லேபிள், தேதி கட்டாயம். கேஸ் சிலிண்டர் சாயாமல் இருக்கச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். கண்ணில் கெமிக்கல் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், ஆனால் கண் கழுவும் குழாய்க்கு முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், குழாயை வாரம் ஒருமுறை திறந்துவிட்டுத் துருத் தண்ணீரைப் போக விடுங்கள்.

அறிவிப்புகளை ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் கன்னடத்திலும் தமிழிலும் ஒட்டுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பெயர் கேட்காமல் எழுதி வாங்குங்கள். பெயர் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு என்ன சரிசெய்தீர்கள் என்பதையும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.