புல் வெட்டும் இயந்திரத்தின் கிளட்சை வீட்டிலேயே புதுப்பித்தல்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பிறகு லாலாங் புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிடும். தீபாவளிக்கு முன் வீட்டைச் சுற்றித் துப்புரவு செய்துவிடலாம் என்று தோளில் மாட்டும் இயந்திரத்தை எடுத்து முடுக்கினால், எஞ்சின் அலறுகிறதே தவிர, கத்தி சோம்பலாகச் சுற்றி, தடித்த புல்லைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. செபராங் பிறைப் பக்கம் பல ஆண்டுகள் உழைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. புது இயந்திரம் வாங்கிவிடுங்கள் என்று சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் தேய்ந்திருப்பது பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் இரண்டு கிளட்ச் ஷூக்களும் ஒரு ஸ்பிரிங்கும்தான். இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிடும் செலவுக்குள் அவை கிடைத்துவிடும்.

எஞ்சினின் சுழற்சியைக் கத்திக்குக் கடத்தும் இந்தக் கிளட்சுக்கு மிதியும் இல்லை, கம்பியும் இல்லை. எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் இரண்டு ஷூக்கள் போல்ட்டில் மாட்டியிருக்கும். அவற்றை ஒரு ஸ்பிரிங் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். எஞ்சின் சும்மா ஓடும்போது, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்றில், ஸ்பிரிங்கின் பிடியே மேலோங்கும். சுமார் 4000 சுற்றைத் தொடும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி விரிந்து, சுற்றியிருக்கும், கத்தித் தண்டோடு இணைந்த டிரம்மின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு அதையும் சேர்த்துச் சுழற்றும். ஷூவை வெளியே தள்ளும் விசை வேகத்தின் இருபடியாகக் கூடுவதால், 8000 சுற்றில் அது 4000 சுற்றில் இருந்ததைப் போல நான்கு மடங்காகிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று அரை த்ராட்டிலில் அடர்ந்த புல்லை வெட்டுகிறவர்களின் கிளட்ச் சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான்: ஷூ முழுப்பிடியும் பிடிக்காமல், முழுதாக விலகவும் செய்யாமல், டிரம்மில் உரசியே கருகுகிறது.

பொருள் வாங்குவதற்கு முன் கோளாறு கிளட்சில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றுங்கள். பிறகு எஞ்சினிலிருந்து வளைதண்டைப் பிரித்து, கையுறை அணிந்த கையால் கத்தியைச் சுற்றிப் பாருங்கள். தண்டின் மறுமுனையும் சுற்றினால் தண்டு நலமாக இருக்கிறது. சுற்றாவிட்டால் உள்ளே கம்பியோ கத்திப் பக்கத்துப் பல்சக்கரமோ தேய்ந்துவிட்டது, கிளட்சைத் தொட வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, எஞ்சின் சும்மா ஓடும்போதே கத்தி சுற்றினால், முதலில் கார்புரேட்டரில் ஓட்டவேகத்தைக் குறைக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். எஞ்சின் அணையப் போகும் நிலையிலும் கத்தி நிற்கவில்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கிளட்ச் கூட்டை எஞ்சினோடு பிணைக்கும் திருகுகளைக் கழற்றினால் டிரம்மும் கூடும் ஒன்றாக வந்துவிடும். ஷூக்கள் எஞ்சின் பக்கமே தங்கும். உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. ஷூவின் உரசும் பரப்பான லைனிங்கில், பழையவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது. எதையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷூவின் மேல் அம்புக்குறி இருந்தால் அது தெளிவாகத் தெரியும்படி எடுக்க வேண்டும்.

ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் போல்ட்டுடன் ஃப்ளைவீலும் சேர்ந்து சுற்றும். அதைத் திருப்புளியால் முட்டுக்கொடுத்து நிறுத்தினால் அலுமினியச் சிறகுகள் உடையும். இதற்குக் கயிறே போதும். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் மேலேறி, சிலிண்டர் சுவரிலுள்ள புகை வெளியேற்றுத் துளையை மூடிய பிறகு, மெல்லிய நைலான் கயிற்றை மடித்து மடித்து உள்ளே செலுத்துங்கள். ஒரு முனை வெளியே இருக்கட்டும். பிஸ்டன் கயிற்றை அழுத்தி நின்றுவிடும். துளை திறந்திருக்கும்போது கயிற்றை விட்டால், அது அதற்குள் நுழைந்து பிஸ்டனின் விளிம்பில் நறுக்குப்பட்டுவிடும். ஃப்ளைவீலில் மாட்டிய ஷூ போல்ட்டுகள் பெரும்பாலும் வழக்கமான வலமுறைத் திருகு கொண்டவை. மரம் அறுக்கும் சங்கிலி வாளின் கிளட்ச்தான் இடமுறைத் திருகு. அதில் பழகிய கை இங்கே தவறான பக்கம் முறுக்கிவிடக் கூடும்.

கழற்றிய ஷூக்களை வெளிச்சத்தில் பாருங்கள். சிலவற்றில் லைனிங் தனியாக ஒட்டியிருக்கும், சிலவற்றில் ஷூ முழுவதும் உலோகமே. மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து, தடிமன் மட்டும் குறையாமல் இருந்தால், 120 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்தே மீண்டும் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ லைனிங் பெயர்ந்திருந்தாலோ இரண்டையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை மாறி அதிர்வு உண்டாகும். 40 சி.சி. அளவிலான இயந்திரங்களில் டிரம்மின் உள்விட்டம் பெரும்பாலும் 78 மி.மீ. இருக்கும், ஆனால் 76 மி.மீ. வகையும் உண்டு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய ஷூவையே கடைக்குக் கொண்டுபோவது உத்தமம். ஷூக்கள் எண்ணெயில் ஊறியிருந்தால் ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் பாருங்கள். அங்கும் ஈரமிருந்தால் கிராங்க் தண்டின் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புது ஷூ போடுவது வீண்.

டிரம்மின் உட்சுவர் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. விரல் நகத்தில் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டிரம்மைச் சுழற்றும்போது மணல் அரைவதுபோல் ஒலித்தால் பேரிங்கும் போய்விட்டது. டிரம்மின் முகத்திலுள்ள நீள்துளை வழியே சர்க்ளிப் இடுக்கியை விட்டு, பேரிங்கைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைக் (சர்க்ளிப்) கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியைக் கூட்டைச் சுற்றிக் கட்டுங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், சில நிமிடங்களில் மரக்கட்டையால் தட்டினாலே பேரிங் வெளிவரும். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

பூட்டும்போது புது ஷூக்களில் ஸ்பிரிங்கை மாட்டி, முதல் போல்ட்டை நான்கைந்து சுற்று மட்டும் ஏற்றி, இரண்டாவது ஷூவைத் திருப்புளியால் நெம்பி அதன் துளைக்கு நேரே கொண்டுவர வேண்டும். மேலும் கீழும் இருந்த வாஷர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முதல் முறை நான் இதைச் செய்தபோது ஒரு வாஷர் குறைந்தது. ஐந்தடி நடைபாதையின் சிமெண்டுத் தரையை முழுக்கத் துழாவிக் களைத்த பிறகுதான், அது ஃப்ளைவீல் விளிம்பிலுள்ள காந்தத்தில் ஒட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அப்படியே மூடி முடுக்கியிருந்தால் பற்றவைப்புச் சுருளைச் சிராய்த்துத் தள்ளியிருக்கும். எனவே மூடுவதற்கு முன் அந்த விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிடுங்கள். போல்ட்டின் மரையில் நீல நிற மரைப்பசையை ஒரு துளி விட்டு இறுக்குங்கள். ஃப்ளைவீல் அலுமினியம் என்பதால் அளவுக்கு மீறினால் மரை உருவிக்கொள்ளும். இறுக்கிய பின்னும் ஷூக்கள் கையால் தள்ளினால் விரிந்து, விட்டதும் சுருங்க வேண்டும்.

கயிற்றை உருவி, பிளக்கைப் பூட்டி, கூட்டையும் தண்டையும் கத்தியின் காப்பையும் முழுவதுமாக மாட்டிய பிறகே எஞ்சினை முடுக்க வேண்டும். டிரம் இல்லாமல் த்ராட்டிலைக் கொடுத்தால் விரியும் ஷூவைத் தடுக்க எதுவுமில்லை. அது பிய்த்துக்கொண்டு பறக்கும். சும்மா ஓடும்போது கத்தி அசையாமல் நிற்கட்டும். பிறகு முழு த்ராட்டிலில் மெல்லிய புல்லாகப் பார்த்துப் பத்து நிமிடம் வெட்டி, நிறுத்தி, கிளட்ச் கூட்டின் அருகே கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் லாலாங் பக்கம் போகலாம். அனலடித்தால் ஷூ இன்னும் வழுக்குகிறது என்று பொருள், திரும்பவும் திறந்து எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.